ராஜாங்கம் வண்டியின் சிவப்பு விளக்கு

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையோரம் கடை வைத்திருக்கும் உசைருக்கு வண்டி ஒயரிங்கில் இருபது வருடக் கை. அடுத்தவன் செய்த வேலையை லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். "எவன்யா இத முறுக்கினது?" என்று கேட்டுவிட்டுத்தான் டெஸ்டரையே கையில் எடுப்பார். அந்த வாய்க்கும் ஒருநாள் பூட்டு விழுந்தது.

வாடகைக் கார் ஓட்டும் ராஜாங்கத்துக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய பழைய அம்பாசிடரில் சூடு காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டது. அதனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு ஒன்றை உசைர் வைத்துக் கொடுத்தார். ரேடியேட்டருக்குள் ஒரு கம்பி முனை. தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் ஸ்டியரிங் பக்கத்தில் சிவப்பு எரியும்.

"இனிமே தெனம் காலைல பானட்டத் தூக்கிப் பாக்க வேணாம்ணே. லைட்டே சொல்லும்" என்றார் உசைர், பெருமை தாங்காமல். முப்பது வருடப் பழக்கத்தை ராஜாங்கம் அன்றோடு விட்டார்.

ஆனால் அவர் ஊற்றியது போர் தண்ணீர், உப்புத் தண்ணீர். ஆறே மாதத்தில் கம்பி முனையில் வெள்ளையாகப் படிந்து, தண்ணீர் நிறைய இருக்கும்போதே விளக்கு எரிய ஆரம்பித்தது. ஓர் அமாவாசைக் காலையில் மேல்மலையனூர் கோயில் சவாரியோடு வந்து நின்றார். கடையில் ஏற்கெனவே நாலு வண்டி. முனையைக் கழற்றிச் சுரண்ட அரைமணி நேரமாகும். உசைர் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, விளக்கின் ஒயரைப் பிடுங்கி டேப்பைச் சுற்றினார்.

"சரியாயிடுச்சுண்ணே, கெளம்புங்க."

நாளைக்குச் சுரண்டிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். அப்புறம் அடியோடு மறந்துபோனார்.

அடுத்த அமாவாசைக்கு மலையனூர் நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது, ரேடியேட்டரின் ரப்பர் ஓஸ் கசிந்து தண்ணீர் முழுக்கத் தீர்ந்து, எஞ்சின் காய்ந்து இறுகி நின்றுவிட்டது. மறுநாள் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

ராஜாங்கம் டீக்கடைப் பக்கம் போனதும் உசைருக்குத் தான் பிடுங்கிய ஒயர் ஞாபகம் வந்தது. யோசிக்காமல் டேப்பைப் பிரித்து ஒயரை மாட்டிவிட்டார். திரும்பி வந்த ராஜாங்கம் சாவியைத் திருகினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"லைட்டு நல்லாத்தான் இருக்குது பாய். நேத்தும் எரிஞ்சிருக்கும், நான்தான் பாக்கல" என்றார் ராஜாங்கம். "கண்ணு போயிடுச்சுன்னு வீட்ல வசந்தா சொல்லிக்கினேதான் இருக்கா. ஜனங்கள ஏத்திக்கினு போற வண்டி. இனிமே வேணாம். நீயே யாருக்காவது வித்துக் குடுத்துடு."

சாவியை மேசைமேல் வைத்தார்.

உசைர் இன்றைக்கு வாயைத் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சொல்லாமலேயே ஒரு மனுஷனின் கண்ணைப் பிடுங்கியாகிவிட்டது. அதை நினைக்க நினைக்க அசிங்கமாக இருந்தது.

"அண்ணே, உங்க கண்ணுல ஒண்ணுமில்ல. நேத்து அது எரியவே இல்ல. போன அமாவாசைக்கு நான்தான் ஒயரப் புடுங்கிட்டேன். இப்ப நீங்க டீ குடிக்கப் போனப்பதான் திருப்பி மாட்டினேன்."

ராஜாங்கம் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா, காலைல எழுந்து பானட்டத் தூக்கிப் பாத்திருப்பனே பாய்."

அவ்வளவுதான் சொன்னார். மேசைமேல் கிடந்த சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சட்டைப்பைக்கு மேலே உசைரால் கண்ணைத் தூக்க முடியவில்லை.