மின்னலை மண்ணுக்கு அனுப்பிய டப்பி

சிதம்பரத்தை அடுத்த கடலோர ஊரான கிள்ளையில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். ரத்த அணுக்களை எண்ண முதலில் வாங்கிய கருவி ஒரு கோடை மழையில், கரண்ட் போய்த் திரும்பி வந்த வேகத்தில் கருகிவிட்டது. இரண்டாவது கருவி வந்ததும் சிதம்பரத்தில் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் என் மனைவியின் தம்பியை வரவழைத்தேன்.

"ஸ்டெபிலைசர் போதாதா மச்சான்?"

"அது ஏத்த எறக்கத்ததான் பாத்துக்கும் மாமா. மின்னல் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடும். மொதல்ல எர்த்த பாப்பம்."

கட்டடத்தின் பின்னால் தோண்டினான். உப்பு மண்ணில் பழைய எர்த் கம்பி கையோடு உதிர்ந்து வந்தது. புதிய செம்புக் கம்பியை இறக்கி, மீட்டர் வைத்து அளந்த பிறகே மெயின் போர்டில் ஒரு சின்ன டப்பியைப் பொருத்தினான். அதன் முகத்தில் பச்சையாக ஒரு கட்டம் தெரிந்தது.

"சர்ஜ் அரெஸ்டர் மாமா. ஜாஸ்தியா வர்ற கரண்ட்ட எர்த்துக்குத் தள்ளிடும். செகப்பாச்சின்னா போன் பண்ணுங்க."

தீப்பெட்டி அளவில் இருந்த அதை நான் பெரிதாக நம்பவில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், மீன் விற்கும் பெண் ஒருத்தி ஐந்து நாள் காய்ச்சலோடு மகளைத் தூக்கி வந்தாள். ரத்தத்தைக் கருவி உறிஞ்சிக்கொண்டிருந்தபோது உலகமே வெள்ளையானது. இடி நெஞ்சுக்குள் விழுந்ததுபோல் இருந்தது. எதிரே இருந்த தென்னை நெடுக்கப் பிளந்து புகைந்தது. டீக்கடை டிவி வெடித்தது. தெரு முழுக்கக் கரண்ட் போனது.

"மெஷின் பூடுச்சா சார்?" என்றாள் அந்தத் தாய், குழந்தையை இறுக்கிக்கொண்டு.

யுபிஎஸ்ஸின் கீச்சொலிக்கு நடுவே கருவி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. "இப்பவே சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போம்மா" என்று ஆட்டோ பிடித்து அனுப்பினேன்.

பிறகுதான் போர்டைத் திறந்தேன். கட்டம் சிவந்திருந்தது.

சாயங்காலம் மச்சான் அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். எடையே இல்லை. லேசாகக் கருகல் வாடை.

"அவ்ளோவும் இதுக்குள்ளயா போச்சி?"

"மின்னல் நேரா நம்ம மேல வுழுந்திருந்தா இது தாங்காது மாமா. கம்பி வழியா வந்தது மட்டும்தான். அத மண்ணு முழுங்கிடுச்சி."

அவன் புதியதை மாட்டிவிட்டுப் போனான்.

பத்து நாள் கழித்து அந்தச் சிறுமி மறுபரிசோதனைக்குத் தானே நடந்து வந்தாள். தட்டணுக்கள் ஏறியிருந்தன. ஊசி குத்தியதற்கு மட்டும் என்மீது கோபமாக இருந்தாள்.