வள்ளியப்பனின் நூறு

காப்பிக்கு அடியில் படிந்திருந்த டின் பாலைக் கரண்டியால் கிளறிக்கொண்டே வள்ளியப்பன் நாற்பத்தொன்றை முப்பத்தெட்டுக்கு ஏற்றினார். ஏற்றியதோடு விடவில்லை. முப்பத்தெட்டில் இருந்ததை ஏன் தள்ளினார் என்பதற்கும் காரணம் சொன்னார்.

“டிரம்ஸ் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா ஈரம் ஜாஸ்தி. பதினாலு பர்சன்ட்டுக்குக் கொறையாது. வச்சிருந்தா பூஞ்சை பிடிச்சுரும்.”

எதிரே உட்கார்ந்திருந்த சுப்புராமன் கணினியில் எண்ணை மாற்றினார். மிளகு மூட்டைக்குப் பார்க்கிற ஈரத்தை இசை ஆல்பத்துக்குப் பார்க்கக் கூடாது என்று முதல் வருடம் சொல்லிப் பார்த்தார். இப்போது அவரே, “இதுல தூசு அதிகம் சார்” என்று பேசுகிறார்.

வள்ளியப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊர் தேவகோட்டைப் பக்கம். இருபது வருடங்களாக சைகோனிலிருந்து மிளகும் பட்டையும் அன்னாசிப்பூவும் தூத்துக்குடிக்கு ஏற்றுமதி செய்கிறார். ஒரு லிட்டர் படியில் அளந்த மிளகு ஐந்நூற்றைம்பது கிராம் நின்றால் முதல் தரம், ஐந்நூறு நின்றால் அடுத்தது. உலகத்தில் நிறுக்க முடியாத பொருள் கிடையாது என்பது அவர் கொள்கை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மாரியம்மன் கோயிலில் ஐந்து நிமிடம் நிற்பார். பிறகு இரண்டு சந்து தள்ளி, ஹான் என்கிற அம்மாளின் காப்பிக் கடையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து உலகின் மிகச் சிறந்த நூறு ஆல்பங்களை நிறுப்பார். அந்தக் கடையில்தான் அலமாரி உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கரும், பழைய ஜப்பான் ஆம்ப்ளிஃபயரும் இருக்கின்றன. காப்பி சுமார்தான்.

பதினோரு வருடம் ஒரே பட்டியலோடு குடும்பம் நடத்தியதில் ஆல்பங்களின் பெயரே அவர்களுக்கு மறந்துபோயிற்று. எண்தான். “பதினேழைப் போடுங்க ஹான்” என்பார் வள்ளியப்பன். எண் மாறினால் சண்டை வரும். போன வருடத்துப் பதினேழா, இந்த வருடத்துப் பதினேழா என்று ஒரு முறை முக்கால் மணி நேரம் வாதாடி, கடைசியில் இருவரும் ஒரே ஆல்பத்துக்காகத்தான் சண்டை போட்டிருக்கிறார்கள் என்று ஹான் கண்டுபிடித்தார். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வள்ளியப்பனே கித்தார் வாசிப்பவர். வீட்டில் ஏழு கித்தார்கள். அதில் ஒன்று இந்த ஊர்க்காரர்கள் வாசிப்பது. கழுத்தில் மெட்டுக் கட்டைகளுக்கு நடுவே மரத்தையே குடைந்துவைத்திருப்பார்கள், கம்பியை உள்ளே அழுத்தி நம் வீணை போலக் கமகம் எடுக்கலாம். அவருக்கு அது வரவில்லை. ஆனால் விருந்தாளிகளிடம் எடுத்துக் காட்டுவார். “மரத்தைச் செதுக்கிச் சுரம் எடுத்தவன் இருக்கிற ஊருங்க இது” என்று தாமே செதுக்கியதுபோல் சொல்வார். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் அவர் தனியாவர்த்தனம் தொடங்கியபோது சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தவர்கள், அவர் முடித்தபோது கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அன்று யாரும் கைதட்டாததற்கு ஈரக்கைதான் காரணம் என்று இன்றும் நம்புகிறார்.

சைகோனின் பூ மி ஹங் பகுதியில், பதினான்காவது மாடியில் அவர் வீடு. மனைவி தெய்வயானை ஒருநாள் கேட்டார்: “அந்த நூறுல நான் எத்தனாவதுங்கிறேன்?” வள்ளியப்பன் அவசரப்படாமல் யோசித்தார். “நீ லிஸ்ட்டுக்கு வெளிய” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அன்றைக்குச் சாப்பாட்டைத் தாமே போட்டுக்கொள்ளும்படி ஆயிற்று.

ஹிப்-ஹாப்பைப் பற்றி அவருடைய கருத்து உறுதியானது. “அதுல கித்தார் சோலோ எங்க இருக்கு? காட்டச் சொல்லு, கண்ணை மூடிக்கிட்டு எடம் தர்றேன். வாடகைக்கு ஒரு தாளத்தைப் பிடிச்சு, அதுமேல ஏறி நின்னு கோவமாப் பேசுறது பாட்டா? அப்படின்னா எங்க பெரியப்பா பஞ்சாயத்துல பேசினதெல்லாம் பிளாட்டினம் ரெக்கார்டு.” லிட்டர் எடையே நிற்காது, ஊதினால் பறந்துவிடும் என்று முடிப்பார். இத்தனைக்கும் அவர் ஹிப்-ஹாப் கேட்டதெல்லாம் சிக்னலில்தான். பக்கத்து ஹோண்டாவில் எவனாவது போனில் அலறவிடுவான். சிவப்பு விளக்கின் எண்கள் இறங்கி பூஜ்யத்துக்கு வரும்வரை கேட்பார். முப்பத்தேழு விநாடி, நாற்பத்திரண்டு விநாடி. இருபது வருடத்து ஆராய்ச்சி அது.

ஆனால் இந்த ஞாயிறு அவருக்குக் காப்பி இறங்கவில்லை. வழக்கத்தைவிட அதிகமாக எண்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். ஜோசெட் வருகிறார் என்று செவ்வாய்க்கிழமையே போன் வந்துவிட்டது.

ஜோசெட், ராமாமிர்தத்தின் மனைவி. ராமாமிர்தம் இந்தச் சபையின் மூன்றாவது ஆள். பூ மி ஹங் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார். வள்ளியப்பனின் இசைக்குழுவில் பேஸ் கித்தார் வாசித்தவர். போன நவம்பரில் இறந்துபோனார். ஒவ்வொரு வருடமும் தெத் என்கிற இந்த ஊர்ப் புத்தாண்டு கழிந்த முதல் ஞாயிறு பட்டியலை முடித்துக் கையெழுத்துப் போடுவார்கள். அந்த நாளில் ராமாமிர்தம் ஐந்து வருடமாக ஒரே ஒரு கோரிக்கை வைத்தார். ஊருக்குக் கிழக்கே தூ டுக் பக்கத்துப் பையன் ஒருவன் வியட்நாமிய மொழியில் போட்ட ஹிப்-ஹாப் ஆல்பத்துக்கு இடம் வேண்டும். முதல் பத்து வேண்டாம், ஐம்பது வேண்டாம், நூறாவது இடம் போதும் என்பார். ஐந்து வருடமும் வள்ளியப்பன் தடை போட்டார். ஒருவர் தடுத்தால் போதும், உள்ளே வராது. இன்று ஆறாவது முறை. கோரிக்கையைக் கொண்டுவருவது ஜோசெட்.

“சார், போனவங்க ஓட்டு செல்லுமா? நம்ம விதில அதைப் பத்தி ஒன்னும் இல்லியே” என்றார் சுப்புராமன். அவர் தூ டுக் தொழிற்பேட்டையில் இன்ஜினியர். விதி என்றால் கொஞ்சம் நடுங்குவார்.

“விதியில நாம சாவோம்னே எழுதலியே தம்பி” என்றார் வள்ளியப்பன்.

ஜோசெட் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். தாத்தா காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக்காரன் காலத்தில் தபாலாபீசுக்கு வந்தவர். அம்மா வியட்நாமியப் பெண். எழுபத்தைந்தில் போர் முடிந்து ஊரே கப்பலைத் தேடியபோது இவர்கள் குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது. வீட்டில் தமிழ் போய்விட்டிருந்தது. ஜோசெட் தமிழ் கற்றது கல்யாணத்துக்குப் பிறகு, கணவரிடம். அதனால் அவர் வாயைத் திறந்தால் ராமாமிர்தத்தின் கும்பகோணத் தமிழ்தான் வரும். வள்ளியப்பனுக்கு இப்போதெல்லாம் அது சங்கடம்.

“வாங்க ஆச்சி. உக்காருங்க. என்ன சாப்பிடுறிய?”

“அதெல்லாம் இருக்கட்டும்” என்றார் ஜோசெட். ராமாமிர்தம் எந்தப் பேச்சையும் இப்படித்தான் தொடங்குவார். சுப்புராமன் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டார். “நூறாவது இடம் காலியா இருக்கா, ஆன் வள்ளி?” அண்ணன் என்பதற்கு இந்த ஊர்ச் சொல்லோடு அவரைக் கூப்பிடுவது ஜோசெட் மட்டும்தான்.

வள்ளியப்பன் இரண்டு நாளாகத் தயாரித்த வாக்கியத்தை எடுத்தார். “தப்பா எடுத்துக்கக் கூடாது ஆச்சி. அவரு எனக்குத் தம்பி மாதிரி. ஆனா போனவருக்காக எடம் குடுத்தா அது லிஸ்ட் இல்ல. கல்வெட்டு.”

“கல்வெட்டு அவருக்கும் பிடிக்காது. பரிதாபத்துக்குக் குடுத்தா வாங்கிக்காதேன்னுதான் சொல்லிட்டுப் போனார்.” ஜோசெட் சிரித்தார். “சுப்பு, ஏழாவது விதியைப் படிங்கோ.”

பிளாஸ்டிக் உறை போட்ட விதி அட்டையை சுப்புராமன் எடுத்தார். “ஒரு ஆல்பத்தைத் தடுப்பவர், அதை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை தாவாமல் கேட்டிருக்க வேண்டும்.” படித்துவிட்டு, “இது எனக்காக சார் எழுதினது. நான் ஒரு தடவை அட்டைப் படத்தைப் பாத்தே வேணாம்னுட்டேன்” என்று சேர்த்துக்கொண்டார்.

“கேட்டிருக்கேளா, ஆன் வள்ளி?”

“கேக்காமயா? அஞ்சு வருஷமா கேட்டுட்டுத்தானே வேணாங்கிறேன்.”

ஜோசெட் கைப்பையிலிருந்து சி.டி.யை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன்மேல் கடைக்காரன் சுற்றிய கண்ணாடித்தாள் அப்படியே இருந்தது. ஓரத்தில் ஒட்டிய விலைச்சீட்டு கூடக் கிழியவில்லை.

“அஞ்சு தடவை உங்க கையில குடுத்தார். அஞ்சு தடவையும் நீங்க ஒரு வாரம் வச்சிருந்துட்டுத் திருப்பினேள். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து இதைப் பாத்துச் சிரிப்பார். ‘இந்த வருஷமும் மனுஷன் சம்பந்தி வீட்டுச் சட்டை மாதிரி பிரிக்காமலே வச்சிருந்திருக்கார்டி’ன்னு.”

“நான் போன்ல கேட்டிருப்பேன்” என்றார் வள்ளியப்பன்.

“இது போன்ல கிடையாது. முன்னூறு சி.டி.தான் போட்டாங்க.”

சுப்புராமன் மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு பார்த்தார். வள்ளியப்பனுக்குக் காது மடல் சூடாயிற்று. மூட்டையில் குத்தூசியை விட்டு நாலு மிளகை வெளியே எடுத்துப் பார்க்காமல் தரம் சொல்கிறவனை அவர் வாழ்நாள் முழுக்க வைதிருக்கிறார். ஒருவனை அதற்காகவே வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறார். இங்கே மூட்டை ஐந்து முறை வந்து, தைத்த வாயோடு ஐந்து முறை திரும்பிப் போயிருக்கிறது. ரிப்போர்ட் மட்டும் ஐந்து போயிருக்கிறது. அதைவிட உறுத்தியது, அந்த மனுஷன் அதைப் பார்த்துவிட்டும் மறு ஞாயிறு இதே மேஜையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்காததுதான்.

“போடச் சொல்லுங்க” என்றார். கண்ணாடித்தாளை அவரே பிரித்தார். அது எளிதில் வரவில்லை, பல்லால் கடித்தார்.

ஹான் சி.டி.யைப் போட்டார். முதல் பாட்டு. ஒரு பையனின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல. வள்ளியப்பன் முப்பது விநாடி பொறுத்தார். “பாத்தியளா, இப்ப இந்த இடத்துல ஒரு கித்தார் வந்திருந்தா...” என்று தொடங்கி, எந்தச் சுரத்தில் வந்திருக்க வேண்டும், அதைத் தாம் எப்படி வாசித்திருப்பார் என்பதுவரை சொல்லி முடித்தபோது முதல் பாட்டும் முடிந்திருந்தது.

இரண்டாவது பாட்டு முடிகிற நேரத்தில், “என்ன சொல்றான் பையன்?” என்று சுப்புராமன் கேட்டார்.

“அம்மா ஃபாக்டரில ராத்திரி ஷிஃப்ட். அவ வர்ற வரைக்கும் தூங்காம இருக்கறதுக்குத் தெருவுல போற வண்டிங்களை எண்றான்” என்றார் ஜோசெட். “அவர் ஸ்கூல்ல வேன் ஓட்டின பையன் இவன்.”

“எண்றதெல்லாம் பாட்டா?” என்றார் வள்ளியப்பன். நூறுவரை எண்ணுவதைத் தவிர வேறு பொழுதுபோக்கில்லாதவர். “அதைச் சொல்றதுக்கு எதுக்கு...”

மூன்றாவது பாட்டில் பேஸ் வந்தது.

டிரம்மில் அடி விழுந்தது. அதற்குப் பிறகு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவர் மாதிரி, கண்ணிமைக்கிற நேரம் கழித்து பேஸ் நுழைந்தது. மறுபடி அடி. மறுபடி அதே தாமதம். வள்ளியப்பனின் வாக்கியம் பாதியில் நின்றது. பதினோரு வருடம் ஒத்திகையில் கால் தட்டித் தட்டி, “லேட்டு, ராமாமிர்தம், லேட்டு” என்று அவர் கத்தியது இதற்குத்தான். அவருடைய சோலோவுக்கு அடியில் அது எப்போதும் பிழையாகவே இருந்தது. இங்கே பையன் அந்தத் தாமதத்தின்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு பேசினான். அது சரியான நேரத்துக்கு வந்திருந்தால் அவனுக்குச் சாய இடம் இருந்திருக்காது.

“யாருங்கிறேன் இது வாசிக்கிறது?” என்றார் வள்ளியப்பன்.

“பேர் போட வேணாம்னுட்டார்” என்றார் ஜோசெட். “பேரைப் பாத்தா வள்ளி எடம் குடுத்துடுவார், காதால கேட்டுக் குடுக்கட்டும்னார்.”

சுப்புராமன் கணினியை மெதுவாக மூடினார். பாட்டில் குரல் ஓய்ந்து, டிரம்மும் நின்று, பேஸ் மட்டும் தனியாக நடக்கத் தொடங்கியது. அதே சமயம் வாசல் மேஜையில் யாரோ அவகாடோ ஜூஸ் கேட்டிருக்க வேண்டும். ஹான் பனிக்கட்டியை மிக்ஸியில் கொட்டி முடுக்கினார். கடை முழுக்க அரைபடுகிற சத்தம்.

வள்ளியப்பன் எழுந்தார். மேஜைகளைத் தாண்டி, வாடிக்கையாளர் யாரும் போகாத கல்லாவின் உட்பக்கம் நுழைந்து, ஹான் என்னவென்று கேட்பதற்குள் சுவரிலிருந்து மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கினார். திரும்பித் தம் இடத்துக்கு வரவில்லை. பிளக்கைக் கையில் பிடித்தபடி, ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.