மாப்பிள்ளை வீட்டார் ஒருவர்

பிரதர் அந்த அநாதைப் பையன்கள் இல்லத்துக்கு வந்தபோது கையில் ஒரு பெட்டியும் மனதில் ஒரு திட்டமும் இருந்தன. இரண்டு வருஷம் ஊழியம் செய்துவிட்டு மேலே படிக்கப் போய்விட வேண்டும். பெட்டியின் பூட்டை முதல் வாரமே ஒரு வாண்டு உடைத்தான். திட்டத்தை மற்ற வாண்டுகள் சேர்ந்து உடைத்தார்கள். இப்போது தலை நரைத்துவிட்டது. மனிதர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

மிஷனரி என்றால் மேடை, மைக், பிரசங்கம் என்று நினைப்பவர்கள் அவரைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். வேதப்புத்தகத்தைவிட நகவெட்டிதான் அவர் கையில் அதிக நேரம் இருக்கும். காலையில் போர்வைகளை உருவுவார். குளியலறை வாசலில் நின்று, காதுக்குப் பின்னால் சோப்பு போயிருக்கிறதா என்று ஒவ்வொருவனையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒருவன் வாய்ப்பாடு ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டே இன்னொருவன் சட்டைக்குப் பொத்தான் தைப்பார். கோபம் வந்தால் கட்டடம் அதிரக் கத்துவார். கொஞ்ச நேரத்தில் அவரே போய்ச் சமாதானம் பேசுவார். கல்யாணம் வேண்டாம் என்று ஆண்டவரிடம் வாக்குக் கொடுத்தவர். பதிலுக்கு இத்தனை பேரை அனுப்புவேன் என்று ஆண்டவர் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது அவருடைய நீண்டநாள் புகார்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பொய் வராது. அவர் பெண் கேட்டுப் போகிறார் என்றதும் இல்லத்துச் சமையற்கார அம்மா வாசலிலேயே அவரை மறித்தது அதனால்தான்.

பெண் கேட்டது அவருக்கல்ல, ஸ்க்ரூவுக்கு. சின்ன வயதில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் போட்டதால் அவனுக்கு அந்தப் பெயர். அங்கேயே வளர்ந்து இப்போது லிஃப்ட் மெக்கானிக். மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கும் அவனுக்கும் மனசு ஒத்துப்போயிற்று. ஆனால் அப்பா சம்மதிக்காமல் கழுத்தை நீட்டமாட்டேன் என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். அப்பா தையற்கடைக்காரர். அவர் கேட்டது ஒன்றுதான்: "அவன் பக்கம் பேச ஒரு ஆளாவது வரட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சொல்லுவாங்க பிரதர்," என்றார் சமையற்கார அம்மா. "நீங்க ஒரு பொய்கூடச் சொல்ல வேணாம். வாயை மூடிக்கிட்டு உக்காந்திருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பிரதர் தலையாட்டிவிட்டுத்தான் ஸ்க்ரூவோடு கிளம்பினார்.

கடைக்கு மேலேயே வீடு. படியெல்லாம் துணி வெட்டல்கள். தையற்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்தார். டீ வந்தது.

"நேராவே கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. பையன் நல்லவன்னு எம் பொண்ணு சொல்றா. சரி. நாளைக்கு ரெண்டு பேருக்கும் ஒரு சண்டைன்னா நான் யார்கிட்ட வந்து நிக்கறது? அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேக்க யார் இருக்கா?"

ஸ்க்ரூவின் முகம் தொங்கிவிட்டது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் பயந்த கேள்வி அது. பிரதருக்குச் சுருக்கென்றது. சமையற்கார அம்மாவின் புத்திமதி காற்றோடு போயிற்று.

"கேக்காம என்ன சார்? தினமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கேட்டா திருந்திடுவானா? ஜுரம் வந்தா வாயைத் திறந்து சொல்ல மாட்டான். நாமளா கழுத்தைத் தொட்டுப் பாத்துக் கண்டுபிடிக்கணும். கோவம் வந்தா பேச மாட்டான், சாப்பிட மாட்டான். ஹால் கடிகாரத்தைக் கழட்டினான், திருப்பி மாட்டத் தெரியல, இன்னிக்கு வரைக்கும் அது ஓடல. முதல் சம்பளத்துல எனக்கு ஷூ வாங்கிட்டு வந்தான். காலளவு கேக்கணும்னு தோணுச்சா? கடிக்குது சார். சொன்னா வருத்தப்படுவானேன்னு போட்டுக்கிட்டுத் திரியறேன்."

"பிரதர்..." ஸ்க்ரூ பல்லைக் கடித்தான்.

"நீ சும்மா இருடா. போன வாரம் மழையில நனைஞ்சுட்டு வந்தியா இல்லியா?"

கேட்ட பிறகுதான் பிரதருக்குத் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்தது. கல்யாணம் பேச வந்து காரியத்தையே கெடுத்தாயிற்று. ஸ்க்ரூவைப் பார்க்கத் தைரியம் வராமல் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தையற்காரர் உள்பக்கம் திரும்பி மனைவியிடம் குரல் கொடுத்தார். "கேட்டியா? ஆளே இல்லாத பையன்னு சொன்னாங்க. அன்னிக்கு எங்கப்பா உங்க வீட்டுக்கு வந்து என்னைப் பத்திப் பேசினாரே, ஞாபகம் இருக்கா? இதே பாட்டுதான்!"

உள்ளேயிருந்து இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. தையற்காரர் டம்ளரைப் பிரதர் பக்கம் நகர்த்தினார்.

"டீ ஆறுது, குடிங்க சம்பந்தி."

பிரதர், சார், வார்டன், முதுகுக்குப் பின்னால் பையன்கள் வைத்த இன்னும் சில பெயர்கள், எல்லாவற்றுக்கும் அவர் திரும்பிப் பார்த்திருக்கிறார். இந்தப் பெயர் மட்டும் தன் ஆயுசில் கிடையாது என்று விட்டுவிட்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஒரு வாய் டீ குடித்தார்.

"ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு சம்பந்தி," என்றார். "குறட்டை வேற விடுவான்."