கலப்படக் குண்டு

ஒவ்வொரு துப்பாக்கிக் குண்டாகத் தராசில் வைத்து எடுக்கும்போதே ஒலீட்டா கிராடக் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள். ஈயத்தின் விலையை ஏற்றியவனுக்கு ஒரு வசவு, வழவழப்பான காகிதத்தில் விளம்பரம் போடுகிறவனுக்கு இரண்டு. ஈயம் தொட்ட கையால் எதையும் தின்னமாட்டாள். வெண்டைக்காய் ஊறுகாய் ஜாடி வேலைக் கொட்டகைக்கு வெளியே, சன்னல் விளிம்பில் காத்திருக்கும்.

வயது அறுபத்தொன்று. அமெரிக்காவின் ஓசார்க் மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் சுற்றுப்பட்டிப் பிள்ளைகள் முந்நூறு பேருக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறாள். சனிக்கிழமை காலையில் துப்பாக்கிக் குழுவினரோடு இரும்புத் தட்டுகளைக் குறிபார்த்துச் சுடுவாள். சுட்டபின் வெற்றுத் தோட்டாக் கூடுகளைக் குனிந்து பொறுக்கிவந்து, புது வெடிமருந்தும் புதுக் குண்டும் வைத்து மறுபடி தோட்டா ஆக்குவாள். கூடு திரும்பத் திரும்ப உழைக்கும். குண்டைத்தான் ஒவ்வொரு முறையும் வாங்கவேண்டும். அங்கேதான் அவளுக்குக் கோபம் வரும்.

செம்பு உறை போட்ட குண்டை வாங்குகிறவர்களைக் கண்டால் ஆகாது. "தகரத்தட்ட தட்டப்போற குண்டுக்குக் கல்யாணச் சட்டை எதுக்கு? காசு கொழுப்பு!" என்பாள். வண்ணப்பூச்சுப் பூசிய வெறும் ஈயம் போதும் அவளுக்கு. அதிலும் அடிப்பாகம் சப்பையா, சுற்றளவு சரியா, எடை ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகுதான் காசு. மலிவாக வாங்குகிறவள்தான் கூடுதலாக அளக்கவேண்டும் என்பது அவள் கணக்கு. பிறர் கண்ணால் பார்த்து வாங்குவதை அவள் நகத்தால் கீறி வாங்குவாள்.

அப்படிப்பட்டவள்தான் போன வாரம் சறுக்கினாள். லோனி ஸ்ப்ராட்லினின் துப்பாக்கிச் சாமான் கடையில் பச்சைப் பூச்சுக் குண்டு, ஐந்நூறு உள்ள பை, பாதி விலை. மேலாக இருந்த பத்தை மட்டும் நிறுத்தாள். பத்தும் நூற்றுப் பதினைந்து கிரெயின் எடை. சனிக்கிழமைப் போட்டி நெருங்கிவிட்டது என்று இருநூறு தோட்டா அழுத்தி முடித்தாள். மிச்சத்தை வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நிறுத்தபோது ஒரு குண்டு நூற்று முப்பத்தைந்து காட்டியது. அடுத்து இன்னொன்று. லேசான குண்டுக்கு அளந்த மருந்தின்மேல் கனத்த குண்டு உட்கார்ந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். கூட்டுக்குள் ஏறிவிட்டால் எது கனம் என்று கண்ணுக்குத் தெரியாது.

"எருமை! பத்தோட நிறுத்தின பாரு!" முதல் வசவு தனக்குத்தான். இருநூறையும் டப்பாவில் கொட்டி மூடி, பையைத் தூக்கிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

லோனி பல்லைக் காட்டினான். "வாங்க மிஸ் ஒலீட்டா. இன்னைக்கு யாரு மேல கோவம்?"

"உன் மேலதான்டா. இதுல ரெண்டு எடை கெடக்கு."

"ரெண்டு பெட்டியில அடிமிச்சம் இருந்துச்சு, ஒண்ணாப் போட்டேன். ரெண்டும் ஒரே பச்சைதானே? காச வேணா வாங்கிக்குங்க, சண்ட எதுக்கு?"

"காசு யாருடா கேட்டா? எத்தன பை வித்த?"

"உங்களுதோட அஞ்சு. மிச்ச நாலும் நம்ம சனிக்கிழம ஆளுங்கதான்."

"கூப்பிட்டுச் சொல்லு."

"நாளைக்குக் காலைல அங்க வந்து சொல்லிக்கிறேனே. இப்பவே சொன்னா என் கடைக்கு எவன் வருவான்?"

"ஒன்பது மணிக்கு முதல் ஆள் சுடுவான். நீ பத்து மணிக்குக் கொட்டாவி விட்டுட்டு வருவ. அதுக்குள்ள ஒருத்தன் விரல் போயிரும்."

"ஒண்ணும் ஆகாது, மிஸ் ஒலீட்டா. நீங்க ஒருத்திதான் இப்படி எடைபோட்டுக்கிட்டுக் கெடக்கீங்க."

"ஆமாடா. மத்தவங்க நிறுக்கமாட்டாங்க. அதனாலதான் சொல்றேன்."

லோனி விலைச்சீட்டுகளை அடுக்கத் தொடங்கினான். "எல்லார் நம்பரும் எங்கிட்ட இருக்கணுமா என்ன?"

"இந்த ஊர்ல மொத்தமே நானூறு மூஞ்சி. உனக்கா தெரியாது?"

ஒலீட்டா மேசைமேல் கிடந்த தொலைபேசியை அவன் பக்கம் தள்ளினாள். கதவுக்குப் போய், தொங்கிய அட்டையைத் திருப்பி, 'மூடியிருக்கிறது' என்ற பக்கத்தைத் தெருவுக்குக் காட்டினாள். முக்காலி ஒன்றைத் தரதரவென்று இழுத்துவந்து கதவை அடைத்துப் போட்டு, அவனைப் பார்க்க உட்கார்ந்தாள்.

நாலு பேரில் முதல் ஆளிடம் அவன் பேசி முடித்தான். வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்து மூன்று விரலை நீட்டினாள்.