மஞ்சள் விளக்கு எரியாத நாள்

ஐம்பது தாண்டிய ஓர் ஆண், காலையில் பல் துலக்கியதும் கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டி, குழந்தைகளுக்கான விற்றமின் டி மருந்தில் ஐந்து சொட்டு விட்டுக்கொள்கிறான் என்றால் அவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ தெரியாது. அதுவும் காலாவதியாகிச் சில வருடமான மருந்து. அந்த ஆண் நான்தான். போத்தல் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், முட்டைக்கும் மாசிச் சம்பலுக்கும் நடுவில் இருந்தது. விரல் நீளப் பழுப்பு நிறப் போத்தல். என்னோடு வேலை செய்த டீச்சர் இறந்துபோனார்; அந்த மௌத்துச் செய்தி வந்த மறுநாள் இந்தப் பழக்கம் தொடங்கியது. மனைவி கேட்டபோது கண்ணுக்கு மருந்து என்றேன். கண் மருந்தை ஏன் வாயில் விடுகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. திருமணமாகி இத்தனை வருடம் ஆனதில் இது ஒரு நன்மை.

காரணம் சொன்னால் இன்னும் வெட்கம். எனக்கு அழுகை வரவில்லை. கிண்ணியாவில் டீச்சரின் மையத்து வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, முன்கதிரையின் வெடிப்பைப் பார்த்தபடி இருந்தேன். எனக்குள்ளே ஏதாவது அசையும் என்று காத்திருந்தேன். பாலத்தைக் கடந்து அன்புவழிபுரம் திரும்பி, சோறு தின்று, நன்றாகத் தூங்கினேன். பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறவனுக்குக் கண்ணீர் பஞ்சம் என்று ஊர் சொல்லும், சொல்லட்டும். ஆனால் எனக்கே அது உறுத்தியது. அவர் கையால் தந்த மருந்து ஒன்றுதான் வீட்டில் இருந்தது. அதைக் குடித்தாலாவது ஏதாவது செய்யும் என்று ஒரு நப்பாசை.

டீச்சரும் நானும் கப்பல்துறையில், கண்டி வீதியோரம் இருந்த ஒரு சிறிய மருந்துத் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்தோம். ஒரு காலத்தில் இரசாயனம் படிப்பித்தவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். மற்றபடி எவருக்கும் எதையும் படிப்பிக்கும் பொறுமை அவருக்குக் கிடையாது. மருந்துக் கலவைகள் அவர் பொறுப்பு. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுப்பிரசுரம் என் பொறுப்பு. என் எழுத்திலேயே அதிகப் பிரதி அச்சானவை அவைதான். வாசித்த ஒருவரையும் இன்றுவரை சந்திக்கவில்லை.

நாட்டில் மருந்து தட்டுப்பட்ட காலம் அது. டீச்சரின் மகளுக்குப் பிறப்பிலேயே பித்தநீர்க் குழாயில் கோளாறு. எண்ணெயில் கரையும் விற்றமின் எதுவும் அவள் உடம்பில் ஒட்டாது. குளிசையாகக் கொடுத்தால் வந்த வழியே போய்விடும். தண்ணீரோடு கலந்து நிற்கும் சொட்டுமருந்துதான் வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து வருவது நின்றுபோயிருந்தது. பிள்ளையின் கால்கள் முழங்காலுக்குக் கீழே வில்லாக வளையத் தொடங்கின. டீச்சர் இதை என்னிடம் சொன்னபோது குரலில் ஏற்ற இறக்கமே இருக்கவில்லை. காலநிலை அறிக்கை வாசிப்பது போலிருந்தது.

அந்த மருந்தை இங்கேயே செய்யலாம் என்றார். முதலாளி சம்மதித்தார், தன் வழியில்.

"ஸ்பிரிட்டில கரைச்சா ஒரு நிமிச வேலை டீச்சர். பிறகு ஸ்பிரிட்டை ஆவியாக்கி விட்டாச் சரிதானே."

"ஆவியாகினாலும் கொஞ்சம் மிஞ்சும் முதலாளி. அந்தக் கொஞ்சத்தை ஆருட ஈரலுக்குக் குடுக்கிற?"

ஸ்பிரிட் இல்லாத வழி இதுதான்: எண்ணெயில் கலந்த விற்றமினையும், எண்ணெயையும் தண்ணீரையும் இணக்கமாக்கும் தரகர் போன்ற ஒரு பொருளையும் இளஞ்சூட்டில் கிளற வேண்டும். பிறகு வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாதி வழியில் அது மஸ்கட் அல்வா போல இறுகும். பொறுமையாகத் தொடர்ந்தால் தானாக இளகி, கண்ணாடியாகத் தெளியும். எங்கள் ஊரில் யார்தான் பொறுப்பார்கள்? குழம்பு இறுகினால் தண்ணீர் ஊற்று என்று பழகிய கைகள். முதல் தடவை டீச்சரின் உதவியாளர் ஊற்றினார். இரண்டாம் தடவை, "தள்ளுங்கோ பாப்பம்" என்று முதலாளியே ஒரு கோப்பை ஊற்றினார். இரண்டும் பால் திரைந்தது போல் ஆயின. விற்றமின் கொஞ்சந்தான் மிச்சம். இன்னொரு தடவை பிழைத்தால் அந்த அறையைத் தைலம் பொதி பண்ண எடுப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மூன்றாம் தடவைக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டார். உதவியாளர் வேண்டாமாம்.

"நீங்க ஒண்டும் தெரியாதவர். சொன்னதை மட்டும் செய்வீங்க."

இதைவிட நேர்மையான நற்சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த அறையில் எப்போதும் மஞ்சள் விளக்குத்தான் எரியும். வெள்ளை வெளிச்சம் பட்டால் விற்றமின் கெடும். அன்று வெள்ளை டியூப் எரிந்தது. காற்றுப் படாமல் காக்கும் நைதரசன் சிலிண்டரின் சீறலும் கேட்கவில்லை. என் வயதான கண்களுக்காக இரங்கினார் என்று எடுத்துக்கொண்டேன். சொட்டினேன். கலவை இறுகியது. கிளறும் மோட்டார் முனகியது. ஊற்று ஊற்று என்று என் வம்சமே காதுக்குள் கத்தியது. "சொட்டு," என்றார் டீச்சர். சொட்டினேன். அவர் குவளையைப் பார்க்கவில்லை, என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எந்தச் சொட்டில் என்று தெரியாது, மோட்டாரின் முனகல் நின்றது. குவளைக்கு அப்பால் அவருடைய விரல்கள் தெளிவாகத் தெரிந்தன.

"சரி," என்றார். அவ்வளவுதான். ஒரு போத்தலில் நிரப்பி என்னிடம் நீட்டினார். "வச்சிருங்க, ஞாபகத்துக்கு." அந்த வருடமே பரிசோதனைகள் முடிந்து மருந்துக்கு அனுமதி கிடைத்தது. துண்டுப்பிரசுரம் நான் எழுதினேன். என் கையால் ஒரு பிள்ளையின் கால் நிமிர்ந்தது என்று சில வருடம் உள்ளுக்குள் நிமிர்ந்தே நடந்தேன். எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு பெருமை வாய்ப்பது அபூர்வம். அதனால் யாரிடமும் சொல்லிக் கெடுத்துக்கொள்ளவில்லை.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதும் சடங்குக்குப் போனபோது சட்டைப்பைக்குள் போத்தலைக் கொண்டுபோனேன். கால்வாசி மிச்சமிருந்தது. மகள்தான் தேநீர்த் தட்டோடு வந்தாள். வளர்ந்துவிட்டாள், கால்கள் நேராக இருந்தன. நான் அவற்றையே பார்ப்பதைக் கவனித்துப் பாவாடையைச் சரிசெய்தாள். போத்தலைக் கொடுத்து, இது உன் உம்மா செய்த முதல் மருந்து, உன்னிடம் இருக்கட்டும், நான் தினமும் கொஞ்சம் எடுத்தேன், மன்னித்துக்கொள் என்றேன். பாலத்தில் வரும்போது ஒத்திகை பார்த்த வசனம். சொல்லும்போதாவது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

அவள் மூடியைத் திறந்து மணந்தாள். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"அங்கிள், இது விற்றமின் போடாம ஊத்திப் பார்த்தது. மிச்சமிருந்த விற்றமின உங்கட கையில உம்மா தருவாவா? நீங்க செய்யிறதப் பார்த்துப் பழகிட்டு, அடுத்த நாள் மஞ்சள் லைட்டப் போட்டு தனியத்தான் செஞ்சவ. எனக்குச் சொல்லிச் சிரிச்சிரிக்கா." மூடியைத் திருகித் திரும்ப என் கையில் வைத்தாள். "பயப்பிடாதீங்க. எவ்வளவு குடிச்சாலும் ஒண்டும் செய்யாது."