ஊக்கில் ஒட்டிய கல்

ஆவி, காற்று, கறுப்பு என்று யாராவது என்னிடம் ஆரம்பித்தால், போய் சோலியைப் பாருங்கள் என்பேன். தாராவியில் இத்தனை வருஷம் ஒண்டியாக இருந்தவள் நான், பயந்தால் பிழைக்க முடியுமா. ஆனால் இது என் கண்ணால் கண்டது. நம்பினால் நம்புங்கள்.

செம்பூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிறேன். கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், ஆனால் என் கை பட்டு அங்கே ஒரு பொருள் குறைந்ததில்லை. எல்லாருக்கும் நான் மௌசி, நம் ஊரில் சித்தி என்பது போல. அங்கே அனு என்று மாட்டுங்காப் பெண், கடுகை விடச் சின்னதாக ஒரு கறுப்புக் கல்லை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். இரும்புச் சத்துள்ள கல்லாம், மாதக்கணக்கில் உலையில் வளர்த்தது, வேறு கிடையாது, அது போனால் அவள் படிப்பே போயிற்று. ஒரு குச்சி நுனியில் பசை வைத்து ஒட்டி, இரண்டு பெரிய காந்தங்களுக்கு நடுவே இறக்குவாள். கல்லுக்குள் எலக்ட்ரான் பம்பரமாகச் சுற்றுகிறதாம், திரையில் அது கோடாக வரும். குச்சியைத் திருகினால் கோடும் நகரும்.

மழைக்காலத்து மத்தியானம். குச்சியை வெளியே எடுத்தாள், கல்லைக் காணோம். நான் அப்போதுதான் பெருக்கி முடித்திருந்தேன். அவளுக்குப் பாடம் சொல்லும் சார் என் குப்பைக் கூடையைத் தரையில் கொட்டிக் கிளறினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"என் மேல ஒரு துரும்பு ஒட்டாது சார். வேணும்னா சேலைய உதறிப் பாருங்க."

கல் மெஷினுக்குள்ளேயே விழுந்திருக்குமோ என்று அனு வெறும் குச்சியை இறக்கிப் பார்த்தாள். கோடு வந்தது. திறந்து டார்ச் அடித்தார்கள், உள்ளே ஒன்றுமில்லை. துடைத்துவிட்டு மறுபடி இறக்கினாள், அப்போதும் வந்தது. இனி இங்கே நிற்கக்கூடாது என்று நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"மௌசி, ருக்கோ, நில்லுங்க," என்றாள் அனு. கண் திரையில் இருந்தது. "ஜரா இந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினேன். கோடு வழுக்கிக்கொண்டு போனது.

"இப்ப அந்தப் பக்கம்."

கோடு பழைய இடத்துக்கே வந்தது. அனு எழுந்து வந்து என் தோளில் சேலைக்குக் குத்தியிருந்த ஊக்கைப் பார்த்தாள். அதன் முனையில் கறுப்பாக அந்தக் கல்.

காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்பு ஆகாது என்று சாவியைக் கழற்றி வைத்தவள் ஊக்கை மறந்திருக்கிறேன். காந்தத்துக்குப் பக்கத்தில் போய்ப் போய் ஊக்கும் காந்தமாகிவிட்டது, அதில் கல் ஒட்டிவிட்டது என்றார் சார்.

"ஒட்டினது சரி சார். இவ்வளவு தள்ளி நின்னு நான் திரும்பினா, கோடு எதுக்கு நகரணும்?"

சார் கொட்டிய குப்பையைத் தானே கூடையில் அள்ளிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். பிறகு முழங்கால் வலி என்று லீவு போட்டு வீட்டில் படுத்திருந்தேன். பகலில் போன் அடித்தது. அனு.

"மௌசி, எங்க இருக்கீங்க?"

"வீட்ல படுத்துக் கெடக்கேன். ஏன்?"

"இப்ப... புரண்டு படுத்தீங்களா?"

போன் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சுவர்ப் பக்கம் புரண்டிருந்தேன்.

"ஏட்டி, ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கல்லு உள்ளதான் இருக்கு. நான் திருகவே இல்ல. கோடு தானா நகருது."

நான் கால் மரத்துப்போகும்வரை அசையாமல் கிடந்தேன்.

அனு படிப்பை முடித்துப் போய்விட்டாள். கல் அங்கேதான் இருக்கிறது, இப்போது வேறு யாரோ அதை வைத்துப் படிக்கிறார்கள். படுக்கையில் புரள வேண்டுமென்றால் இன்றும் எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். புரண்ட பிறகு கண் தானாகப் போன் பக்கம் போகிறது.