பச்சையம்மாவுக்குப் பரீட்சை

இன்று ஜூவில் ஒரு கிளிக்குப் பரீட்சை.

பரீட்சை வைத்தவர் என் மாமனார். பெயிலாகிவிடுமோ என்று பயந்ததும் அவர்தான்.

மாமா உத்திரமேரூர்ப் பக்கம் நெல் வயல்களில் கூலி வேலை செய்கிறவர். கதிர் முற்றும்போது தகரத்தைத் தட்டிக் கிளி விரட்டுவதும் அதில் அடக்கம்.

அப்படி விரட்டப் போன இடத்தில் பனைமரத்தடியில் விழுந்து கிடந்த ஒரு குஞ்சைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். (பகலில் கிளி விரட்டக் கூலி, சாயங்காலம் கிளிக்குக் கொய்யாப்பழம்.)

பெயர் பச்சையம்மா. எங்கள் எல்லோரையும்விட வாய் அதிகம்.

சில மாதங்களுக்கு முன் ஊருக்குள் வனத்துறை வண்டி வந்து, வீட்டில் கிளி வளர்ப்பது குற்றம், ஒப்படைத்துவிடுங்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போனது. மாமா மறுபேச்சு இல்லாமல் கூண்டோடு கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கிருந்து அதை ஜூவுக்கு அனுப்பினார்கள். கூண்டிலேயே வளர்ந்ததால் அதற்குப் பறக்கவே தெரியவில்லையாம்.

அன்றிலிருந்து மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடம் தினமும் ஒரே கேள்வி.

"போன் போட்டு கேளும்மா, அது துன்னுச்சா இல்லியான்னு."

போன வாரம் கேட்டேன். அங்கே பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரம்மா பேசினார்.

"இப்ப நல்லா பறக்குது. வெளியில விடலாம்னு பாக்குறோம். ஆனா வளர்த்தவரு வந்து கூப்பிட்டா அது வருதான்னு ஒரு தடவை பாத்துடணும். வந்துச்சுன்னா விட முடியாது, யார் கூப்பிட்டாலும் போயி மாட்டிக்கும். இங்கயே பெரிய கூண்டுல இருக்கட்டும்."

மாமாவிடம் சொன்னேன்.

"கூப்ட்டா வந்துட்ச்சின்னா, நான் அப்பப்ப போயி பாத்துக்கலாமா?"

"டிக்கெட் எடுத்துட்டுப் பாக்கலாம் மாமா."

"வரலன்னா?"

"அது பாட்டுக்குப் பறந்து போயிடும்."

அது வந்துவிட வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

இன்று காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கூப்பிட்டேன். "தோ வர்றேன்" என்றார். செங்கல்பட்டு பஸ் போயே போய்விட்டது. (எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இப்போதைக்கு வரமாட்டேன் என்று அர்த்தம். சோறு ஆறி அவலாகும் வரை அத்தை கூப்பிடுவார், இவர் வாசலிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருப்பார்.)

அத்தை ஒரு பை கொடுத்து அனுப்பினார். ஊறவைத்த கடலை, பச்சை மிளகாய், கொய்யா, கூடவே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். (ஆஸ்பத்திரியில் ஆள் பார்க்கப் போகிறோம் என்றே நினைத்துவிட்டார்.)

கேட்டில் செக்யூரிட்டி பையை வாங்கி வைத்துக்கொண்டார்.

"வெளித்தீனி எதுவும் உள்ள போகக்கூடாதுங்க."

"சார், அது எங்க வூட்டு கிளி சார்."

"அதுக்கு இங்க சாப்பாடு பாத்துப் பாத்துதான் குடுக்குறாங்க. நீங்க போங்க பெரியவரே."

உள்ளே ஒரு கரடி, பழங்களை உள்ளே வைத்து உறையவிட்ட பெரிய ஐஸ் கட்டியைக் கட்டிப்பிடித்து நக்கிக்கொண்டிருந்தது.

"வூட்ல கரண்ட்டு போனா நம்ம விசிறிகினு குந்திகினு கீறோம். இது இன்னா சொகமா கீது பாரும்மா."

புலி இருக்கும் இடத்தில் புலியைக் காணோம். புதருக்குள் படுத்திருக்கிறதாம். காசு கொடுத்து வந்தோமே என்று கூட்டம் முணுமுணுத்தது. அது ஒளிந்துகொள்ளத்தான் அந்த இடமே விட்டிருக்கிறோம் என்றார் அங்கே நின்ற ஊழியர்.

மாமா தலையாட்டினார். "மன்சன் மூஞ்சியே பாக்காம கொஞ்ச நேரம் கெடக்கணும்னு அதுக்கும் இருக்கும் இல்ல."

பிறகு டாக்டரம்மா எங்களைப் பார்வையாளர்கள் போகாத பின்பக்கத்துக்குக் கூட்டிப் போனார். வலை போட்ட நீளமான கூண்டு, உள்ளே மரங்கள், இருபது முப்பது கிளிகள். துளை போட்ட மூங்கில் குழாய்களுக்குள் சோளத்தை ஒளித்து வைத்திருந்தார்கள். வெளியில் போனால் தேடித் தின்னத் தெரிய வேண்டுமே, அதற்குத்தான். அங்கே யாரும் கிளிகளோடு பேசுவதில்லையாம்.

மாமா ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார். "தோ, அந்த ஓரத்துல."

"கழுத்துல வளையம் தெரியுதா? அது ஆண்" என்றார் டாக்டரம்மா.

"ஆம்பளையா?"

(இத்தனை நாள் பச்சையம்மா என்று கூப்பிட்டிருக்கிறோம். இவ்வளவு பேசுகிறது, இதை மட்டும் சொல்லவில்லை.)

அப்போது அது கிளம்பி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே வீச்சில் பறந்து போனது. எங்கள் வீட்டில் கூண்டுக்குள் தத்தித் தத்தி நடந்த அதே கிளி. மாமா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

பிறகு டாக்டரம்மாவிடம் ரகசியமாகக் கேட்டார்.

"மேடம், நான் மெதுவா கூப்டட்டா? அதும் காதுல வுழாத மாதிரி?"

"வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படியே கூப்பிடுங்க. ஏமாத்தக் கூடாது."

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பச்சையம்மா... வாடி கண்ணு."

கிளி சோளத்தைக் கொறிப்பதை நிறுத்தியது. கழுத்தைச் சாய்த்து இவரையே பார்த்தது. வந்துவிடும் என்று நினைத்தேன்.

அது வாயைத் திறந்தது.

"தோ வர்றேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் சோளத்துக்கே போய்விட்டது.

இன்னொரு முறை கூப்பிடச் சொன்னார் டாக்டரம்மா. கூப்பிட்டார். திரும்பிக்கூடப் பார்க்காமல், "தோ வர்றேன்."

அச்சு அசல் மாமாவின் குரல். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

"பதில் சொல்லிட்ச்சே மேடம், பெயிலா?" மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பேச்சு போகப்போக மறந்துடும். கூப்பிட்டா வரல, அதான் முக்கியம். பாஸ்!"

திரும்பி வரும்போது மாமா பஸ்ஸில் கண்டக்டர் முதல் பக்கத்து சீட்டுக்காரர் வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டார், எங்க வூட்டு கிளி பாஸாயிட்ச்சி என்று.

சாயங்காலம் ஏரிப் பக்கமிருந்து ஒரு கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு போனது. மாமா தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தார். "யோவ், சோறு ஆறுது, வா."

"தோ வர்றேன்."

அத்தை கரண்டியோடு வெளியே வந்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கிளிய அங்க வுட்டுட்டு வந்தது சரி. இந்த ஆள ஏம்மா திரும்ப இட்டுகினு வந்த?"